சாக்கை உதறியவரும் சீசா அக்காவும்

அவள் அந்த ஆராய்ச்சி நிலையத்துக்குத் தட்டச்சு வேலைக்குத்தான் வந்தாள். வந்த அன்று தட்டச்சு இயந்திரம் பழுது. பழுது பார்க்கிறவர் வரும்வரை சும்மா உட்கார வேண்டாமே என்று மண் பரிசோதனை அறையில் சீசா கழுவச் சொன்னார்கள். பழுது பார்க்கிறவர் எட்டு மாதம் கழித்து வந்தார். அதற்குள் அவள் சீசாவைக் கழுவுவது போக, அதில் மண்ணை நிரப்பவும் மூடவும் அளக்கவும் கற்றுக்கொண்டிருந்தாள். இயந்திரம் சரியாகிவிட்டதை யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. இப்படியே இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. நிலையத்தில் அவளுக்குப் பெயர் சீசா அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மண் எவ்வளவு மூச்சு விடுகிறது என்று அளப்பது அவளுடைய வேலை. புதிதாகக் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தின்கின்றன, மூச்சு விடுகின்றன, பெருகுகின்றன, சாகின்றன. வாய் அகன்ற சீசாவில் ஈரமண்ணைப் போட்டு, நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தில் காரக் கரைசலை வைத்து, காற்றுப் புகாமல் மூடிவிடுவாள். மண் விடும் மூச்சைக் கரைசல் பிடித்து வைத்துக்கொள்ளும். பத்து நாள் கழித்துத் திறந்து, கரைசலில் ஒரு சொட்டுச் சாயம் விட்டால் இளஞ்சிவப்பாகும். அந்தச் சிவப்பு போகும்வரை கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குறைந்த சொட்டில் நிறம் போனால் மண் நிறைய மூச்சு விட்டிருக்கிறது என்று பொருள். ஒரு சொட்டு கூடிவிட்டால் அந்தச் சீசா வீண். அவள் கையில் அப்படிக் கூடியது இருபத்தாறு வருஷத்தில் நாலு தடவை. நாலும் அவளுக்குத் தேதியோடு ஞாபகம் இருந்தது.

மண் வந்தது பின்பக்க வயலிலிருந்து. அங்கே மக்காச்சோளம் போட்ட நான்கு பாத்திகள். முதல் பாத்திக்கு யூரியா கிடையவே கிடையாது. இரண்டாவதற்கு அரை அளவு, மூன்றாவதற்கு முழு அளவு, நான்காவதற்கு இரண்டு மடங்கு. இந்த ஏற்பாடு அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்பே தொடங்கியது. நான்காவது பாத்தி கரும்பச்சையாக, யாரையும் மதிக்காத மாதிரி நிற்கும். நிலையத்துக்கு வரும் பெரிய மனிதர்கள் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள். முதல் பாத்திக்கு முன்னால் யாரும் நின்றதில்லை. அது முழங்கால் உயரத்தில், இலையோரமெல்லாம் மஞ்சளடித்து, காய்ச்சலில் கிடந்து எழுந்த ஆள் மாதிரி இருக்கும்.

சீசாவுக்குள் கதை வேறு. நான்காவது பாத்தியின் மண் வருஷத்துக்கு வருஷம் மூச்சுக் குறைந்துகொண்டே வந்தது. மெலிந்த முதல் பாத்தி மண் ஒரே சீராக விட்டுக்கொண்டிருந்தது.

அவளுடைய வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். எதைச் சொன்னாலும் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்வார். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவரிடம் இதை விளக்கப் பார்த்தாள்.

"அப்போ சாப்பாடு போட்டா செத்துப்போகும், பட்டினி போட்டா நல்லா இருக்கும். அதானே?" என்றார் அவர்.

"அப்படி இல்லீங்க. அதுங்களுக்கு முக்கியமான சாப்பாடு மக்கின இலை, வேர், தண்டு. யூரியாவை மட்டும் கொட்டினா, யூரியாவை மாத்துற ஒரு கூட்டம் மட்டும் கொழுத்துப் போகும். அது வேலை செய்யச் செய்ய மண்ணு புளிச்சிடும். புளிச்ச மண்ணுல மத்ததுங்களால இருக்க முடியாது."

"ஒரு கூட்டம் ஏறினா மத்த எல்லாரும் இறங்கிடணும்."

"ஆமா, கிட்டத்தட்ட அப்படித்தான்."

"அந்த மாதிரி ரூட்டு ஒண்ணு எனக்கும் இருந்துச்சு" என்றார் அவர். பேச்சு அந்த ரூட்டைப் பற்றிப் போய்விட்டது.

இருபத்தாறாவது வருஷம், அறுவடைக்குப் பிந்தைய மண்ணை அளந்தபோது முதல் பாத்தியின் கணக்கு உதைத்தது. மூச்சுக் குறைந்திருந்தது. மண்ணின் அமிலப் புளிப்பு ஏறியிருந்தது. யூரியாவை மாற்றும் கூட்டம், யூரியாவையே பார்க்காத மண்ணில், இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு இருந்தது. அவள் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். சீசா மூடிகளின் ரப்பரை மாற்றினாள். கரைசலைப் புதிதாகக் கலந்தாள். கண்ணாடிக் குழாயைக் கழற்றி, கழுவி, மாட்டி, மறுபடி அளந்தாள். அதே எண்தான் வந்தது. மூக்குக் கண்ணாடியை மாற்றிப் பார்த்தாள். அப்போதும் அதே எண்.

பழைய நோட்டுகளை எடுத்துத் தரையில் பரப்பினாள். கையெழுத்தெல்லாம் அவளுடையதுதான். புரட்டிப் புரட்டிப் பார்த்ததில், முதல் பாத்தியின் மூச்சு பதினோரு வருஷமாகவே இறங்கிக்கொண்டு வந்தது தெரிந்தது. ஒவ்வொரு வருஷமும் ஒரு துளி. முந்தைய தலைவர் ஒருவர் இதைப் பார்த்து, ஓரத்தில் 'இயற்கையான ஏற்ற இறக்கம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். ஏற்றம் எந்த வருஷம் வந்தது என்று தேடினாள். ஒரு வருஷமும் வரவில்லை.

பாத்தி ஒவ்வொன்றிலும் பத்து இடத்தில் மண் எடுத்து, ஒரு வாளியில் கலந்துதான் சீசாவில் போடுவது வழக்கம். ஒரு மூலையில் என்ன நடந்தாலும் வாளியில் கரைந்துபோகும். அதனால் இந்தத் தடவை கலக்காமல் எடுத்தாள். குச்சிகளை நட்டு, ஒவ்வொரு காலடி எட்டுக்கும் ஒரு பிடி மண். இரண்டு நாள் குனிந்தே இருந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் விஷயம் தெளிவாகிவிட்டது. வாய்க்கால் பக்கத்து வரப்பிலிருந்து மூன்று எட்டு வரைக்கும் மண் புளித்திருந்தது. நாலாவது எட்டிலிருந்து ஒரு குறையும் இல்லை.

வரப்பின் மேல் ஏறி நின்று, ஒரு பிடி காய்ந்த மண்ணை வீசிப் பார்த்தாள். அது சரியாக மூன்று எட்டுத் தூரத்துக்குள் விழுந்தது. இன்னொரு பிடி வீசினாள். அதுவும் அங்கேயேதான் விழுந்தது.

அந்த வரப்பில் தினமும் நடப்பது ஒரே ஓர் ஆள், மடைக்காரர். பாத்திகளுக்குத் தண்ணீர் திறப்பதும் அடைப்பதும் உரம் தூவுவதும் அவர்தான். முப்பது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரை அண்ணே என்பாள். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை.

மதியம் பம்புசெட் சுவரோரம் உட்கார்ந்து அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் எதிரில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, முதல் பாத்திக்கு யாராவது யூரியா போட்டாங்களா?"

"இல்லியே."

"வாய்க்கால் பக்கமா மூணு எட்டுக்கு மண்ணு புளிச்சுக் கிடக்குது."

அவர் வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார். தண்ணீர் குடித்தார்.

"போடல. உதறினேன்" என்றார்.

"எதை உதறினீங்க?"

"சாக்கைத்தான். நாலாவதுக்குத் தூவி முடிச்சா சாக்கு மூலையில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும். அப்படியே மடிச்சு வச்சா வீணாத்தானே போகும்? வரப்பு மேல நின்னு ஒரு உதறு உதறுவேன்."

"எவ்வளவு நாளா?"

"அது இருக்கும் ஒரு பத்துப் பதினோரு வருஷம். போகத்துக்கு ஒரு தடவைதான்."

"பக்கத்துல வெறும் தரை இருக்குதே அண்ணே, அங்க உதறியிருக்கலாமே?"

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

"மூணு பேரு உக்காந்து சாப்பிடுறாங்க. ஒருத்தன் மட்டும் தட்டு இல்லாம பாத்துக்கிட்டே நிக்கிறான். எத்தனை வருஷந்தான் அதைப் பாக்குறது?"

"அது சோதனை அண்ணே. அதுக்குக் குடுக்காம இருக்கறதுதான் அங்க வேலையே."

"உங்களுக்குச் சோதனை. நீங்க போகத்துக்கு ஒரு தடவை வந்து மண்ணை எடுத்துட்டுப் போயிடுவீங்க. தினம் அது மூஞ்சியில முழிக்கிறது நானு." டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டே, "நீங்களுந்தான் சொன்னீங்க" என்றார்.

"நான் என்ன சொன்னேன்?"

"மழையே இல்லாத அந்த வருஷம். இதே வரப்புல நின்னு பயிரைப் பாத்து, 'பாவம்'னீங்க. அந்தப் போகத்துல இருந்துதான் உதறினேன்."

அவளுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைதான். எழுந்து அறைக்குப் போய், ஏற்கெனவே கழுவியிருந்த பன்னிரண்டு சீசாக்களை மறுபடி கழுவினாள். சொட்டுச் சொட்டாகப் பார்த்துப் பார்த்து அளந்த பதினோரு வருஷம், ஒரு சாக்கின் மூலையில் போயிருந்தது. கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தாள். வந்ததென்னவோ இடுப்பு வலிதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"பதினோரு வருஷமா ஒரு ஆள் டிக்கெட் எடுக்காம வந்திருக்காரு. நீ கவனிக்கல" என்றார், கடைசி சீட்டு வரைக்கும்.

இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே காப்பி போட்டுக் கொண்டுவந்து, "செக்கிங் வர்றதுக்கு முன்னால நாமளே சொல்லிட்டா தப்பில்ல" என்றார். அதை மெதுவாகச் சொன்னார்.

நிலையத்தின் தலைவர் புதியவர். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மேஜைமேல் எல்லாவற்றையும் நேர்கோட்டில் அடுக்கி வைத்திருப்பார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், மடைக்காரர் பெயரை மட்டும் விட்டுவிட்டு.

"அக்கா, இன்னும் மூணு வாரத்துல மேலிடத்துக் குழு வருது" என்றார் தலைவர்.

"தெரியும் சார்."

"முப்பது வருஷச் சோதனைன்னுதான் இந்த நிலையத்துக்கே மரியாதை. முதல் பாத்தியை வச்சுத்தான் மத்த மூணையும் ஒப்பிடுறோம். அதுலேயே யூரியா விழுந்திருக்குன்னா..." அவர் ஒரு பென்சிலை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார். "இதை இப்போ எழுதணுமா? ஏற்ற இறக்கம்னு ஏற்கெனவே ஒருத்தர் எழுதியிருக்காரே."

"நான் எழுதலைன்னாலும் மண்ணு சொல்லிக்கிட்டுத்தான் சார் இருக்கும். அடுத்து அளக்குறவங்க கண்டுபிடிப்பாங்க. அப்போ பொய் சொன்னது நாமன்னு ஆயிடும்."

"சரி, யாரு போட்டது?"

வாசலில் இருமல் சத்தம் கேட்டது. மடைக்காரர், கையில் ஒரு காலிச் சாக்கை நாலாக மடித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அதை எதற்குக் கொண்டுவந்தார் என்று அவருக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை.

"நான்தான் சார். போடல, உதறினேன்" என்றார்.

எவ்வளவு உதறினார் என்று பார்த்துவிடலாம் என்றார் தலைவர். எல்லோரும் கிடங்குக்குப் போனார்கள். நாலாவது பாத்திக்குத் தூவும்போது எப்படிச் செய்வாரோ அப்படியே செய்யச் சொல்லி, கடைசியில் உதறியதைத் தராசில் பிடித்தார்கள். மூன்றே கால் கிலோ இருந்தது.

"இது உதறலா?" என்றார் தலைவர்.

"ஆரம்பத்துல உதறல்தான் சார். போகப் போகக் கொஞ்சம் தாராளமா வச்சு உதறிட்டேன்."

"அப்போ நாலாவது பாத்திக்கு மூணேகால் கிலோ குறைஞ்சிருக்குமே!"

"அதுக்குத் தெரியவே தெரியாது சார். அது கழுத்து வரைக்கும் தின்னுட்டு நிக்குது."

சோதனையைக் காப்பாற்ற அவளிடம் ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு போகத்திலும் பத்து இடத்து மண்ணைக் கலப்பதற்கு முன்பு, இடத்துக்கு ஒரு சிட்டிகை எடுத்து, உலர்த்தி, தனித்தனிக் காகிதப் பொட்டலமாகக் கட்டி வைப்பது அவள் பழக்கம். யாரும் செய்யச் சொன்னதில்லை. இடத்தை அடைக்கிறது, தூக்கிப்போடுங்கள் என்று மூன்று தலைவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூன்று தடவையும் "சரிங்க சார்" என்று சொல்லி வேறு அலமாரிக்கு மாற்றியிருக்கிறாள். உலர்ந்த மண் மூச்சு விடாது. ஆனால் புளிப்பு அதிலேயே இருக்கும்.

மூன்று வாரமும் பொட்டலங்களைப் பிரித்துப் பிரித்து அளந்தாள். பதினோரு வருஷத்துக்கு இருபத்திரண்டு போகம், ஒரு போகத்துக்குப் பத்துப் பொட்டலம். மடைக்காரர் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, ஓரமாக உட்கார்ந்து, பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதை வாசித்துக் கொடுத்தார். ஒரு தடவை அவர், "இது நான் மொத மொதல்ல உதறின போகம்" என்று ஒரு பொட்டலத்தைப் பொன் மாதிரி நீட்டினார். அவள் வாங்கி அளந்தாள். அதில் ஒரு வித்தியாசமும் இல்லை. நாலாவது வருஷத்துப் பொட்டலத்தில்தான் புளிப்பு எட்டிப் பார்த்தது.

முடிவு சுத்தமாக வந்தது. வாய்க்கால் ஓரத்து மூன்று இடங்கள் மட்டும் கெட்டிருந்தன. உள்பக்கத்து ஏழு இடங்களும் முதல் நாளில் இருந்த மாதிரியே இருந்தன. ஓரத்தைக் கழித்துவிட்டால் சோதனை பிழைத்துக்கொள்ளும்.

குழுவில் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் நேராக நாலாவது பாத்திக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆள், கிருமிகளைப் பற்றிப் படித்த ஓர் அம்மா, அறையிலேயே உட்கார்ந்து சீசா அக்காவின் நோட்டுகளைப் பார்த்தார். சீசா அக்கா நடந்ததை நடந்தபடி சொன்னாள். தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்போ உங்ககிட்ட இப்ப அஞ்சு அளவு இருக்குது. நாலு நீங்க வச்சது. அஞ்சாவது அவரு வச்சது" என்றார் அந்த அம்மா.

"அது தப்பா விழுந்ததும்மா."

"எப்படி விழுந்தா என்ன? இத்தனை கொஞ்சமா, இத்தனை வருஷமாப் போட்டா என்ன ஆகும்னு யாரும் பொறுமையா உக்காந்து பாக்க மாட்டாங்க. அந்த ஓரத்தை மட்டும் கலைச்சுடாதீங்க."

அதற்குள் தலைவர் ஒரு சுற்றறிக்கை அடித்து ஒட்டிவிட்டிருந்தார். 'வயலில் எந்த இடத்திலும் சாக்கு உதறுதல் கூடாது.' குழு போன ஒன்பதாவது நாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஓரப்பட்டையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் யூரியாவை நிறுத்திவிட வேண்டும், மறு பாதியில் பழையபடி தொடர வேண்டும். முதல் சுற்றறிக்கைக்குப் பக்கத்திலேயே இரண்டாவது ஒட்டப்பட்டது. 'மடைக்காரர், குறிப்பிட்ட இடத்தில், போகத்துக்கு ஒரு முறை, எடை போட்டுச் சாக்கு உதறி, பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.'

மடைக்காரர் இரண்டையும் வரிசையாகப் படித்தார்.

"நான் மாட்டேன் சார்" என்றார்.

"ஏன்? இத்தனை வருஷம் செஞ்சீங்களே?"

"அது என் மனசுக்காகச் செஞ்சது. ஆர்டர் போட்டு உதறினா, அது வேலை. என் வேலையில அது இல்ல."

தலைவர் சீசா அக்காவைப் பார்த்தார். அவள், வேலைப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துவிடலாமே என்றாள். சேர்த்தார்கள். மடைக்காரர் அதைப் படித்துப் பார்த்து, 'உதறல்' என்பதை அடித்துவிட்டு 'தூவல்' என்று எழுதச் சொன்னார். எழுதினார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு கிராம் கூடவோ குறையவோ விட்டதில்லை. தூவி முடித்த சாக்கை நாலாக மடித்து, மூலையில் ஒட்டியிருப்பதோடு கிடங்கில் கொண்டுபோய் வைத்தார்.

அந்த வருஷத்து அறிக்கையில் பதினோரு வருஷக் கணக்கும் திருத்தப்பட்டது. அடியில் ஒரு குறிப்பு இருந்தது. 'ஓரப்பட்டையில் பயிரின் மேல் கொண்ட இரக்கத்தால் யூரியா சேர்ந்துவிட்டது.' இரக்கம் என்ற சொல்லைத் தலைவர் இரண்டு தடவை அடித்து நீக்கினார். அவள் இரண்டு தடவையும் "சரிங்க சார்" என்றாள். அச்சில் அது இருந்தது.

நிறுத்திய பாதி எப்போது தேறும் என்பதுதான் பிறகு எல்லோருக்கும் கேள்வி. முதல் வருஷம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் வருஷமும் அப்படியே. மூன்றாம் வருஷம் மூச்சு ஒரு துளி கூடின மாதிரி இருந்தது. ஆனால் அந்தத் துளி, கை தவறினால் வரக்கூடிய வித்தியாசத்துக்குள்தான் இருந்தது. 'மாற்றம் இல்லை' என்று எழுதினாள். புளிப்பு அசையவில்லை. சுண்ணாம்பு போட்டால் சீக்கிரம் சரியாகும் என்று அவளுக்குத் தெரியும். போட அனுமதி இல்லை. தானாகத் தேறுகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. மஞ்சளடித்து நிற்கும் அந்தப் பயிரைத் தாண்டிப் போகும்போது அவள் இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை.

ஒரு நாள் காலையில் மண் எடுத்துக்கொண்டிருந்தபோது மடைக்காரர் மண்வெட்டியோடு வந்து நின்றார். அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு.

"எந்திரிச்சிடுச்சா?" என்று அந்தப் பாதியைக் காட்டிக் கேட்டார்.

"இன்னும் இல்லண்ணே."

"நான் போறதுக்குள்ள?"

"கஷ்டம்."

"நீங்க போறதுக்குள்ள?"

அவள் யோசித்தாள். அவளுக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது. "சொல்ல முடியாது" என்றாள்.

"அப்படியா" என்றார். புளித்த அந்தப் பாதியையும் உள்பக்கத்து நல்ல மண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். மேலே பார்த்தால் இரண்டும் ஒரே மண்தான். பிறகு, நேரமாகிவிட்டது என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, நாலாவது பாத்திக்குத் தண்ணீர் திறக்கப் போனார்.